கொள்ளாம் என்று எழுதியவர்

நான் ஒரு மோசடிக்காரி. இணைய ஏலத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று அறுநூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், அந்த அறுநூறு பேரில் ஒருவரை நானே ஏமாற்றினேன். அதுவும் ஒரே ஒரு சொல்லை வைத்து.

முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்... முப்பது வருடம் வகுப்பறையில் நின்று பேசியவள் நான், ஆட்களைச் சாய்க்கத் தெரியும். ஆகையால் என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடேயே படியுங்கள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேலகரத்தில் என் வீடு. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறவிச் சந்தேகக்காரி. கடைக்காரர் தராசில் காய் நிறுக்கும்போது நான் காயைப் பார்ப்பதில்லை, அவர் விரலைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்ட நானே நான்கு வருடங்களுக்கு முன் ஓர் இணைய ஏலத்தில் ஏமாந்தேன். பழைய தையல் மெஷின். விற்றவன் தன்னைப் பட்டாளத்துக்காரன் என்றான், வடக்கே மாற்றல், அவசரம் என்றான். சீருடையில் ஒரு படம், ஓர் அடையாள அட்டை. பணம் போனது, மெஷின் வரவில்லை. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் 'ஜெய்ஹிந்த்' என்று போட்டிருந்தான். அந்தச் சொல்லுக்காகவே நம்பினேன் என்று வெளியில் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா?

அந்த வெட்கத்தில்தான் குழுவைத் தொடங்கினேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பழைய சாமான் விற்பவர்களும் வாங்குபவர்களும் சேர்ந்த வாட்ஸ்அப் ஏலக் குழு. சுரண்டை, செங்கோட்டை, திருவேங்கடம் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். பொருளின் படத்தைப் போட வேண்டும், மாலை ஆறு மணிவரை கேட்கலாம், கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். நான் எழுதிய விதிகளை எல்லோரும் 'டீச்சர் ரூல்' என்றார்கள். பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. உன் பெயரை ஒரு தாளில் எழுதி, பொருளின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல், திருட்டுப் படம் என்றால் விற்பவன் நழுவிவிடுவான். பணம் உனக்கு வருவதற்கு நீ எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஏழாவது விதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: விற்பவரே வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றிவிடுவார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனி.

அந்த ஏழாவது விதியைத்தான் நான் முதலில் மீறினேன்.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதியால் ஒரு கால் போயிற்று. அதற்குப் பிறகு பக்கச் சக்கரங்கள் வைத்த ஸ்கூட்டர் ஒன்றில் போய் வந்துகொண்டிருந்தார். சீசன் சாரலில் நனைந்துகொண்டே ஐந்தருவி வரைக்கும் போய்விட்டு, பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வருவார். போன ஐப்பசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். வண்டி வாசலில் நின்றது. பார்க்கும்போதெல்லாம் அவர் நினைப்புதான். விற்றுவிடலாம் என்று குழுவில் போட்டேன்.

மறுநாள் புளியறையிலிருந்து ஒருவர் அழைத்தார். இசக்கிமுத்து என்று பெயர். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பியவர். கேரள எல்லை தாண்டி ஆரியங்காவில் லாட்டரிச் சீட்டு விற்கிறார். இங்கே அதற்குத் தடை, அங்கே அதுதான் பிழைப்பு. தினமும் மலைப்பாதை ஏறி இறங்க வேண்டும். இருந்த வண்டி உடைந்துபோய், பஸ்ஸில் யாராவது தூக்கி ஏற்றினால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலைமை.

"டீச்சர், வண்டி கொள்ளாம்," என்றார். "வேண்டாமா?" என்று நான் கேட்டதும் சிரித்தார். "நல்லா இருக்குன்னு சொல்லுதேன். அங்கன மலையாளத்தாளுவகூடயே கிடந்து நமக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கிட்டு."

இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன்.

அடுத்து அவர் கேட்டது என்னைச் சுட்டது. "எம் பேர ஒரு தாள்ல எழுதி வண்டி மேல வச்சி ஒரு போட்டா அனுப்புவியளா டீச்சர்? இஞ்சின ஓடவிட்டு ஒரு வீடியோவும் வேணும். தப்பா நெனைக்காதிய, நீங்கதான ரூல்ல போட்டிருக்கிய."

தப்பாகத்தான் நினைத்தேன். என்னையேவா? என் விதியை எனக்கேவா? படத்தை அனுப்பினேன், ஆனால் மனசுக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. இந்த ஆள் யார்? எல்லையோரத்து ஊர், முகம் காட்டாத வாட்ஸ்அப் படம், பாதித் தமிழ் பாதி மலையாளம், இத்தனை கேள்விகள்... நிஜமாகவே கால் இல்லாதவர்தானா, அல்லது இரக்கத்தைக் கிளப்பி விலையைக் குறைக்கும் தந்திரமா? நியாயமான மனிதனின் எச்சரிக்கையும் திருடனின் எச்சரிக்கையும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. ஏமாந்தவளுக்கு வரும் வியாதி இது.

சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். சோதனை... எவ்வளவு நாகரிகமான சொல்! என் கணவரின் கைபேசி இன்னும் அலமாரியில் உயிரோடு இருந்தது. அதில் 'ராஜா, குற்றாலம்' என்று ஒரு பெயரை வைத்துக் குழுவில் நுழைந்தேன். செத்துப்போன மனிதரின் எண்ணிலிருந்து, அவருடைய வண்டிக்கே விலை கேட்டேன்.

ஏலத்தன்று மதியத்துக்குள் மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். இசக்கிமுத்து கேட்டார், ராஜா ஏற்றினார். மறுபடி இசக்கிமுத்து, மறுபடி ராஜா. இரண்டு கைபேசிகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போலி ஆளாக இருந்தால் கணக்கில்லாமல் ஏறுவான், உண்மையான ஆள் ஓர் இடத்தில் நிற்பான் என்பது என் வாதம். அவர் நின்றார். முப்பத்தோராயிரத்தில் நின்றார். அப்போதே அவர் உண்மையான ஆள் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ராஜா முப்பத்து மூன்று என்றார். இதை எந்தச் சோதனையில் சேர்ப்பது?

மணி ஐந்தரை ஆயிற்று, அவர் மேலே கேட்கவில்லை. வண்டி ராஜாவிடமே தங்கிவிடுமோ என்று பயந்தேன். உடனே ராஜாவை விலகச் செய்தேன். பிறகு டீச்சராக எழுதினேன்: "ராஜா விலகிவிட்டார். இசக்கிமுத்து, முப்பத்து மூன்றுக்குச் சம்மதமா?"

ஐந்து ஐம்பதுக்கு அவர் பதில் வந்தது.

"கொள்ளாம்."

நல்லது, சரி, சம்மதம். அவர் வாயில் அதற்கு வேறு பொருளே கிடையாது. 'ஏலம் முடிந்தது' என்று எழுத நான் விரலை வைத்த நேரத்தில் அழைப்பு வந்தது. சுரண்டையில் பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர். குழுவில் எழுத விருப்பமில்லை, ஐயாயிரம் கூடுதலாகத் தருகிறேன், இப்போதே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

நான் ஏழையில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. பிறகு ஏன்? என்னைச் சந்தேகித்த ஆளுக்கு என் வண்டி போகக் கூடாது என்ற ஆங்காரம் பாதி. ஐயாயிரம் பாதி... பாதிக்கும் மேலே இருக்கலாம்.

குழுவில் கை கூசாமல் எழுதினேன். "கொள்ளாம் என்பது தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. கொள்ளமாட்டோம் என்று பொருள். இசக்கிமுத்து விலகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்."

இலக்கணம் சரிதான். பழந்தமிழில் அதற்கு அந்தப் பொருள்தான். யாராலும் மறுக்க முடியாது. "டீச்சர்னா டீச்சர்தான்" என்று ஒருவர் எழுதினார், நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். "டீச்சர், நான் அப்படிச் சொல்லல" என்று இசக்கிமுத்து எழுதியதும், நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டினேன். அவர் இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. இருட்டுவதற்குள் வண்டியைச் சுரண்டைக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள்தான் குழுவின் பூட்டைத் திறந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். உங்களிடமும் வந்திருக்கமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரின் படம், பட்டாளச் சீருடையில் ஒருவன், ஓர் அடையாள அட்டை. கீழே எழுதியிருந்தார்: "டீச்சர், இவர நம்பலாமா? மாற்றலாம், அவசரமாம், பாதிப் பணம் முதல்ல கேக்காரு. நீங்க சொன்னா அனுப்புதேன்." அந்தப் பட்டாளத்துக்காரனின் செய்தியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதன் முடிவில் ஜெய்ஹிந்த்.

அதே வார்த்தை, அதே வலை. 'அனுப்பாதே' என்று ஐந்து எழுத்து போதும்.

எழுதவில்லை.

நம்பமாட்டீர்கள், எனக்கு அப்போது வந்ததும் சந்தேகம்தான்! ஏன் என்னிடம் கேட்கிறார்? என்னைப் பேச்சுக்கு இழுத்து, பழைய ஏலத்தைக் கிளறி, கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறாரோ? ராஜா யார் என்று கண்டுபிடித்துவிட்டாரோ? கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். படித்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் அவருக்குப் போயிருக்கும். சாயங்காலம் "டீச்சர்?" என்று மட்டும் ஒரு செய்தி. அதையும் படித்தேன். மறுநாள் எதுவும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆரியங்காவு கோயிலுக்குப் பஸ்ஸில் போனேன். புளியறை சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்க, பஸ் மெதுவாக நகர்ந்தது. நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கி, ஒருவரை இரு கைகளாலும் தூக்கி வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். மடியில் ஒரு தோல்பை. கால்கள் பிள்ளைக் கால்கள் மாதிரி தொங்கின. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டீச்சர்தான நீங்க? குரூப்ல உங்க போட்டா பாத்திருக்கேன். நாந்தான் இசக்கிமுத்து, வண்டி கேட்டேம்லா."

தலையாட்டினேன். அவரேதான் பேசினார், குரலை உயர்த்தாமல்.

"அந்தப் பட்டாளத்துக்காரன் ஏமாத்திட்டான் டீச்சர். பொண்டாட்டி கம்மல வித்த துட்டு. ஆவலாதி சொல்லல, எம் மேலதான் தப்பு. உங்ககிட்ட கேட்டுட்டு, பதில் வாரதுக்குள்ள அவசரப்பட்டுட்டேன்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் எஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது, நேரம் இருந்தது, ஆள் பக்கத்தில் இருந்தார். நான் சொன்னது இது: "ஊர்ல இல்லை இசக்கிமுத்து. போனையே பாக்கலை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும் டீச்சர்," என்றார். ஆரியங்காவில் அவரைத் தூக்கி இறக்கினார்கள். சாலையோரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து சீட்டுகளை எடுத்து விசிறிபோல் விரித்துப் பிடித்தார். நான் கோயிலுக்குள் போகாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

இதை நான் அந்தக் குழுவில் எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்கிறேன். வண்டி விற்ற பணத்தை அவருக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன்... ஏன் அனுப்புகிறேன் என்று கேட்பாரே, என்ன சொல்வேன்? பணம் அப்படியே இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்தேன். பஸ்ஸில் போய்வந்த மறுநாள், பட்டாளத்துக்காரன் என்று சொல்லி விற்பவர்களைப் பற்றி நீளமான எச்சரிக்கை ஒன்றை எழுதி, குழுவில் போட்டேன். படம், அடையாள அட்டை, அவசரம், ஜெய்ஹிந்த், எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். ஏலம் முடிந்த நாளிலிருந்து குழுவில் ஒரு சொல்கூட எழுதாத இசக்கிமுத்துதான் முதலில் பதில் போட்டார்.

"கொள்ளாம் டீச்சர்."

நல்லது என்கிறாரா? இல்லை, நான் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தின்படி, இனி உன்னிடமிருந்து எதையும் கொள்ளமாட்டோம் என்கிறாரா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வாய் இல்லை. அந்தச் செய்தி இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் எடுத்து ஒருமுறை படிக்கிறேன்.