மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

புகுந்த வீட்டில் என்னை வாயாடி என்பார்கள். ஆமாம், வாயாடிதான். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, பெருமைதான்.

தொண்ணூறுகளில் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தோம். என் மகள் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு மணல்வாரி அம்மை கண்டது. வேப்பிலையில் படுக்கவைத்து, முறைப்படி மூன்றாம் தண்ணீரும் தலைக்கு ஊற்றி அம்மனை வழியனுப்பினோம். பிள்ளை நன்றாகத்தான் விளையாடினாள். அடுத்த வாரமே மறுபடியும் காய்ச்சல். கால் நிற்கவில்லை, பேச்சு குழறியது. மதியத்துக்குள் என்னையே யாரோ போலப் பார்த்தாள்.

தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "கிருமி போயிட்டும்மா. அதை விரட்டக் கிளம்புன எதிர்ப்புச் சக்திதான் அடங்கல. ஆள் தெரியாம மூளையத் தாக்குது. திருடன் ஓடுன பொறவு, பிடிக்க வந்தவன் வீட்டுக்காரனப் போட்டு அடிக்க மாதிரி. ஊசி போட்டு அத அடக்கணும். தள்ளிப்போட முடியாது."

என் கணவரின் அக்கா கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார். அம்மை கண்ட உடம்பில் ஊசி ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டு முறை.

"ஆத்தா இன்னும் இறங்கலட்டி! ஆத்தா மேலயா ஊசி குத்தப்போற? பிள்ளைய வீட்டுக்குத் தூக்கு."

என் கணவர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

"மதினி, மூணாம் தண்ணி ஊத்துனது யாரு?"

"நாந்தான்."

"முறையாத்தான ஊத்துனிய?"

"பின்ன? என் கையில முறை தப்புமா?"

"அப்போ ஆத்தா போயாச்சு. டாக்டரம்மாவும் அதத்தான் சொல்லுதாங்க. போன ஆத்தா இங்கன எப்படி இருப்பா? இல்ல, நீங்க ஊத்துனதுதான் சரியில்லையா?"

மதினி பைய நகர்ந்து வழிவிட்டார். நர்ஸ் ஊசியோடு வந்தார்.

பிள்ளை உடனே ஒன்றும் எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. ஊசி மேல் ஊசி. 'இது என் அம்மா' என்று அவள் கண் சொல்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு காலையில் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். இடது கால் இழுத்தது. தாங்கப்போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடும்மா, நான் போவேன்."

குழறாமல் வந்தது வார்த்தை. வார்டு வாசலில் மதினி அழுதுகொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். என் மகள் அவரிடம் நடந்து போனாள்.