மருந்துக்கு முந்தைய ரத்தம்

தென்னேரியில் தையல் கடை வைத்திருக்கும் அந்த அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். அன்று சாயங்காலம் அவருக்கு முதல் தடவையாக மருந்து ஏற்றப் போகிறார்கள். மருந்து உள்ளே போய்விட்டால் செல்கள் மாறிவிடும். அதற்கு முன் எடுக்கிற ஒரு குழாய் ரத்தத்தை நம்பித்தான் என் ஆய்வு. இரண்டாவது வாய்ப்பே கிடையாது.

எனக்கோ வாய் ஓயாது. காலையில் ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். “புரதமே செய்யாத ஆர்.என்.ஏ. நம்ம உடம்புல நிறைய இருக்குதுக்கா. ஆனா சும்மா இல்ல. மஜ்ஜையில பொறக்குற எதிர்ப்புசக்தி செல்லு எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு அதுங்கதான் புடிச்சு வெக்குது. அது தடுமாறினா செல்லு முதிராமயே பெருகிக்கினு போவுது.”

“வேலை செய்யாத மாதிரி இருந்துக்கினு எல்லாரையும் மேய்க்குது. எங்க மாமியா மாதிரி,” என்று அக்கா கையை நீட்டினார். “வேஸ்ட் மட்டும் பண்ணிடாதம்மா. நரம்பு கிடைக்காம நாலு இடத்துல குத்திட்டாங்க.”

இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆர்.என்.ஏ. உடைய ஆரம்பித்துவிடும். ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினேன். இந்த ஊரிலேயே பிறந்தும், அன்று கருட சேவை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. சாமி வரும் தெருமுனையில் பஸ் நின்றது. நின்றதுதான்.

“பொட்டில இன்னாம்மா, ஐஸ் மீனா?” என்றார் கண்டக்டர்.

“ரத்தம்ணா.”

பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

“நல்லதாப் போச்சு, காலை நீட்டி உக்காரு,” என்றார் கண்டக்டர்.

உட்கார முடியவில்லை. மூடியைத் திறந்தால் பாதி ஐஸ் தண்ணீர். இறங்கி, சர்பத் வண்டியில் கெஞ்சி ஐஸ் வாங்கிக் கொட்டி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் முண்டினேன். ஆட்டோ பிடித்து ஆய்வகம் சேர நான்கு மணி நேரமாகிவிட்டது.

மறுநாள் சோதனையில், இரண்டு கோடாகத் தெரிய வேண்டிய நீள ஆர்.என்.ஏ. உடைந்து, கலங்கிய கறையாக இழுபட்டிருந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற துக்கடாக்கள் மட்டும் உடையாமல் பிழைத்திருந்தன. என் கேள்வியில் பாதி போச்சு.

அன்றைக்கே அக்காவிடமிருந்து போன். “இன்னாம்மா, என் ரத்தம் பாஸா?”

பாஸ் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“பாதிதான்க்கா. பஸ்ல லேட்டாயிடுச்சு. என் தப்புதான்.”

“மறுபடி எடுத்துக்கிறியா?”

“மருந்து ஏறிடுச்சேக்கா. இனிமே எடுத்தா அது வேற ரத்தம்.”



“மிச்சம் இருக்கிறதையாவது பஸ்ல ஏத்தாத,” என்று போனை வைத்துவிட்டார். சிரித்தாரா, கோபமா, எனக்கு இன்னும் தெரியவில்லை.