முந்திரிக் கன்றுக்குக் கட்டிய வண்டி

நான் கட்டிக் கொடுத்த முந்திரி ஒட்டுக் கன்று நாற்பதில் பதினேழு செத்துவிட்டது என்று கன்றை வாங்கிய தோப்புக்காரர் போன் செய்தார். நம்ப முடியாமல் நேரில் போனேன். அண்ணாகிராமத்தைத் தாண்டி, செம்மண் ஓடை ஒன்றில் இறங்கி ஏறினால் அவருடைய புதுத் தோப்பு. களை வெட்ட வந்த பெண்கள், டிராக்டர் ஓட்டுபவர், பக்கத்துத் தோப்புக்காரர் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்.

"ஒட்டு கட்டத் தெரியாத கையி. இதுல நர்சரி வேற வெச்சிருக்குது."

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற சாலையில் பதினைந்து வருடமாக நர்சரி வைத்திருக்கிறேன். ஒட்டு கட்ட நான் ஆள் வைத்ததில்லை. ஒவ்வொரு கன்றும் என் பிளேடு, என் விரல். அதனால் அவர் சொன்னது வியாபாரத்தைப் பற்றியதாக எனக்குப் படவில்லை, என் கையையே தட்டிவிட்ட மாதிரி இருந்தது.

காய்ந்து நின்ற ஒரு கன்றைத் தோண்டி எடுத்தேன். ஒட்டுப் போட்ட இடத்தைக் கீறிப் பார்த்தேன். அடிச்செடியும் குருத்தும் நன்றாகவே கூடியிருந்தன. பட்டைக்கடியில் இன்னும் பச்சை தெரிந்தது. பழுது கீழே இருந்தது. வேரைச் சுற்றியிருந்த மண்கட்டி குறுக்கே பிளந்து, ஆணிவேர் முறிந்திருந்தது. முந்திரி வேர் ரோஷக்கார வேர். ஒருமுறை முறிந்தால் பிறகு பிழைக்க மனசே வைக்காது. இன்னும் இரண்டு கன்றைத் தோண்டினேன். இரண்டிலும் அதே பிளவு.

வருகிற வழியில் என் பிக்கப் வண்டி தூக்கிப் போட்டதில் மண் உடைந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழியும் சொன்னார். அந்தப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, பதினேழு கன்றைப் புதிதாகக் கொடுத்துவிட்டுப் பேச்சை முடி என்றார். பிறகு மெதுவாக, ஒட்டு நிற்காதது எப்படி வண்டிக் குற்றமாகும் என்றும் கேட்டார். தோப்புக்காரர் சொன்னதைவிட அதுதான் சுட்டது.

மறுநாள் காலையில் பிக்கப்பின் பின்னால் முப்பது கன்றுகளை அடுக்கி, அவற்றுக்கு நடுவே நான் உட்கார்ந்துகொண்டேன். அவரை ஓட்டச் சொன்னேன். ஓடை வரை போய்த் திரும்பி வந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகெலும்பு தலைக்குள் ஏறியது. பக்கவாட்டில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தபடியே வந்தேன். அவை அசையவே இல்லை. எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் செங்கல் ஏற்றியவர்; பாரம் தாங்குவதற்காகப் பக்கத்துக்கு மூன்று பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். என் கன்றுகளின் எடைக்கு அந்தப் பட்டைகள் வளைவதாக இல்லை. பள்ளத்தின் அடியை எல்லாம் அப்படியே மேலே அனுப்பின. வீட்டுக்கு வந்ததும் பைகளைக் கிழித்துப் பார்த்தோம். முப்பதில் பன்னிரண்டு மண்கட்டி பிளந்திருந்தது. அவர் என் இடுப்பைப் பிடித்துவிட வந்தார்.

கடலூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் பட்டையைக் குறைக்கச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யக்கா, காட்டு வழி போற வண்டிக்குப் பட்டைய ஏத்துவாங்க, எறக்க மாட்டாங்க. மாமாவ ஒருதரம் வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

வண்டி என் பேரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான், பேச வேண்டியது என்னிடம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இன்னும் இரண்டு பட்டறைகளில் கேட்டேன். வார்த்தைதான் வேறு, பதில் ஒன்றே.

பஸ்களுக்குப் பட்டை அடித்துக் கொடுக்கும் பட்டறை சிதம்பரத்தில் இருப்பதாக ஒரு லாரிக்காரர் சொன்னார். அந்தப் பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சம்மட்டிச் சத்தத்தில் காது மந்தம், அதனால் எல்லாரிடமும் சண்டை போடுகிற குரலில்தான் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டவர் சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து அரைமணி நேரம் பார்த்தார்.

"நீ சொல்றது சரி. ஆனா கழட்டுனா மட்டும் பத்தாது. வெறுமனே கழட்டுனா அச்சு மேல வந்து சேசிஸ்ல முட்டும்," என்றார்.

நீளமான, மெல்லிய பட்டைகளை நன்றாக வளைத்து அடிக்க வேண்டும், அவற்றுக்குத் தக்க நீளமான ஷாக் அப்சார்பர் வேண்டும், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதோடு இறங்கவும் மேட்டில் ஏறும்போது ஏறவும் இடம் வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். எவ்வளவு மெல்லிசு என்பதில் எங்களுக்குள் தகராறு. அவருக்குப் பட்டை உடைந்துவிடுமோ என்று பயம். எனக்குக் கன்று உடைந்துவிடுமோ என்று பயம். கடைசியில் அடியில் தனியாக ஒரு தடித்த பட்டை வைப்பது, பாரம் அதிகமானால் மட்டும் அது தொடும் என்று முடிவானது.

பின் ஆக்சிலையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். ஓடையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுதான் வீணாகச் சுற்றும், மண்ணில் நிற்கிற சக்கரம் சும்மா நிற்கும். இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் லாக் உள்ள ஆக்சில் வேண்டும். சேத்தியாத்தோப்பில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில், என் வண்டியின் ஜாதியிலேயே கொஞ்சம் கனமான ஒன்று கிடைத்தது. பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். இப்படி மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி எழுதிக் கொடுத்து, வண்டியைக் காட்டி, ஒப்புதல் வாங்கினேன். அதற்கு ஆன நாட்களில் என்னைப் பார்க்கிற சொந்தக்காரர்களெல்லாம், கன்று விற்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். கன்று விற்கிறவளுக்குத்தான் இந்த வேலை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.

எல்லாம் மாட்டிய அன்று பட்டறை வாசலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏற்றிச் சோதித்தோம். நானும் அடியில் படுத்துப் பார்த்தேன். மறுபக்கச் சக்கரம் கீழே இறங்கிய இறக்கத்தில் பிரேக் குழாய் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இன்னும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் அறுந்திருக்கும். பட்டறைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு, நீளமான குழாய் வாங்க அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அதன் பிறகு அவர் எந்த நட்டை முறுக்கினாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் முறுக்கினார்.

மழை விட்ட ஒரு காலையில் பதினேழு கன்றுகளோடு அந்தத் தோப்புக்குக் கிளம்பினேன். வருகிறேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் தோப்புக்காரர் டிராக்டரை நிறுத்தி, கயிறும் தயாராக வைத்திருந்தார். களை வெட்டுகிற பெண்களும் பக்கத்துத் தோப்புக்காரரும் வந்து நின்றார்கள். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர், அதற்கு மேல் வழுக்குகிற கரை. கயிறு கட்டட்டுமா என்று டிராக்டர்காரர் கத்திக் கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

முதல் கியரில் ஓடையில் இறங்கினேன். பாதிக் கரையில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்புவது உடம்புக்கே தெரிந்தது. நின்று, லாக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல, மிக மெல்ல அழுத்தினேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மண்ணில் நின்ற சக்கரம் பிடித்தது. வண்டி முக்கி முனகி, ஒரு கர்ப்பிணி படியேறுவது போல நிதானமாக மேலே ஏறியது. குலுக்கல் இல்லை, அசைவுதான்.

இறங்கி, கையில் கிடைத்த ஒரு கன்றின் பையைக் கிழித்தேன். மண்கட்டி முழுசாக நின்றது. தோப்புக்காரரையே இன்னொன்றை எடுக்கச் சொன்னேன். கிழித்தார். அதுவும் முழுசு. இன்னும் மூன்று அவரே கிழித்தார்.

"அன்னைக்கு இவுங்க எல்லாரும் இருக்கும்போதுதான சொன்னீங்க. இப்பவும் இருக்காங்க. என் கைய பத்தி என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல கன்னு நிக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு அவர் டிராக்டர் பக்கம் போனார்.

கன்றுகள் நின்றன. வாரம் ஒருமுறை அந்த ஓடையில் இறங்கி ஏறிப் போய்ப் பார்த்தேன். பதினாறு துளிர்த்தன, ஒன்றை ஆடு தின்றது.

அடுத்த பருவத்தில் அவர் நர்சரிக்கு வந்தார். இருநூறு கன்று வேண்டும் என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். செடிகளைப் பார்த்தபடி, அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் உடனே சிரித்து, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். அதை இங்கே என்னிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை, தோப்பில் வைத்துச் சொன்னால் கன்று தருகிறேன் என்றேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்ப வரவில்லை.

வந்த ஆர்டரை யாராவது வாசலோடு அனுப்புவார்களா, இது வெறும் பிடிவாதம் என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முணுமுணுத்தார். ஆமாம், பிடிவாதம்தான் என்றேன். அந்த இருநூறு கன்றையும் ஓடைக்கு அப்பால் இன்னும் உள்ளே, வண்டியே வராது என்று எல்லாரும் கைவிட்ட மேட்டுத் தோப்புக்கு ஒரு விதவை கேட்டாள். இரண்டு நடையில் கொண்டுபோய் இறக்கினேன். அவள் தோப்புக்குப் போக அந்தத் தோப்புக்காரரின் வேலியை ஒட்டித்தான் போக வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஹாரன் அடித்தேன்.