கிடை பேசிய நிலத்தில் ஒரு முகாம்

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு இருநூறு செம்மறி ஆடு நேராக எங்கள் கூடாரத்தைப் பார்த்து வந்தது. பனவடலிசத்திரத்துக்குப் பக்கம், மக்காச்சோளம் அறுத்த நிலம். நான் அப்போது சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.இ.டி. டீச்சர். வெட்டவெளியில் ஒரு ராத்திரி தங்கிப் பழகட்டும் என்று பதினெட்டுப் பிள்ளைகளை முதல்முறையாகக் கூட்டிவந்திருந்தேன். துணைக்குத் தமிழ் டீச்சர்.

அந்த அனுமதிக்காக ஹெச்.எம். அறைக்கு இரண்டு வருஷம் நடந்திருக்கிறேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "எஸ்தர், ஆறு மணிக்குப் போன் போடுங்க. ஒரு குறைன்னாலும் வேன் அனுப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் முகாம்னு என்கிட்ட வரக்கூடாது."

ஆட்டுக்கு முன்னால் வந்தவர் சுடலை, கிடைக்காரர். "டீச்சரம்மா, இங்கன கிடை போட போன மாசமே பேசியாச்சே. கூடாரத்த எடுங்க."

ராத்திரி ஆட்டை நிலத்தில் அடைத்தால் புழுக்கை உரமாகும், அதுதான் கிடை. நிலம் அந்த ஊர் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இந்த வருஷம் பயிர் வைக்கிற முறை தம்பிக்கு, சுடலையிடம் கிடை பேசியவர் அவர்தான். நான் அண்ணனிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவள், அறுத்த நிலத்தைப் பார்த்ததும் கிடை பேசியிருக்கிறதா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு வேறு.

குரலை உயர்த்திப் பார்த்தேன். சுடலை அசையவில்லை. "என்னய ஏசுனா ஆடு நிக்குமா? அந்தா, வேப்பமரத்தடி மேடா இருக்கு. அங்கன படுங்க. ரெண்டு நாய் காவலுக்கு இருக்கு, என் வீட்டுக்காரியும் இங்கனதான் இருக்கா."

அவசரத்தில் பிடுங்கியதில் இருந்த இரண்டு கூடாரத்தில் ஒன்று கிழிந்தது, இன்னொன்றுக்குக் கம்பு ஒடிந்தது. மிஞ்சியது ஒரு பெரிய தார்ப்பாய்தான். மாசி மாதம், மழைக்கு வழியில்லை. மரத்தடியில் அதை விரித்தோம். மணி ஆறு.

பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நடந்ததைச் சொன்னேன். "போனை ஒரு பிள்ளைகிட்ட குடுங்க" என்றார் ஹெச்.எம்.

பக்கத்தில் நின்றவள் மாரிச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு, வகுப்பில் வாயே திறக்காதவள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"கூடாரம் இல்லாம பயமா இல்லையாம்மா?"

"இல்ல டீச்சர். அம்மைக்கு ஆஸ்பத்திரில நைட் டூட்டி. வீட்ல நான் லைட்டப் போட்டுக்கிட்டுத் தனியாத்தான் படுப்பேன். இங்க எல்லாரும் இருக்காவ. வேன் வேண்டாம் டீச்சர்."

நான்கு வருஷமாக அவளை ஓட விட்டு ஸ்டாப்வாட்ச் பிடித்தவள் நான். இது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"சரி, எஸ்தர்கிட்ட குடு," என்றார் ஹெச்.எம். "காலைல ஏழு மணிக்கு வேன் வரும். பிள்ளைங்களப் பாத்துக்கோங்க."

மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கினோம். சூட்டோடு எலுமிச்சம்பழம் பிழிந்து, ஊறுகாய் தொட்டுத் தின்றோம். அடிப்பிடித்த சோற்றுக்கு அத்தனை போட்டியை எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் பார்த்ததில்லை. சுடலையின் மனைவி ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட, பிள்ளைகள் முறைபோட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள். அதன்பின் நான் ரிடையர் ஆகும்வரை வருஷா வருஷம் போனோம், கூடாரம் கொண்டுபோகவே இல்லை. இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நிலத்துக்காரரை ஒழுங்காக விசாரியுங்கள், சாமானைக் குறையுங்கள், மேலிடத்தில் உண்மையைச் சொல்லுங்கள்.

அந்த முதல் முகாமின் மறுநாள் காலையில் வேனில் ஹெச்.எம்.மே வந்து இறங்கினார். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. பிள்ளைகள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். மாரிச்செல்வி மட்டும் முகத்தில் வெயில் விழுந்தும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போன என் கையை ஹெச்.எம். பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்தார்.