வட்டப் பொட்டு வைத்த செல்போன்

செல்போன் விற்பதுகூடச் சுலபம். பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பதினைந்து இலக்க எண் எதற்கு என்று வாங்கினவருக்குச் சொல்லி முடிப்பது இன்னொரு பிரசவம். கவுண்டரில் நிற்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

பாளையங்கோட்டைக் கடையில் சேர்ந்தபோது பிள்ளைக்கு ஏழு மாதம். நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் முதலாளி அண்ணாச்சி என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு போனுக்கும் தனி எண், உலகத்தில் வேறு போனுக்கு அது கிடையாது, பில்லில் பிசகாமல் எழுத வேண்டும் என்றார். எழுதும்போதே ஒரு இலக்கத்தை அடித்துத் திருத்தினேன். அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏ டீச்சர், போனு மாறிச்சுன்னு எவனாவது வந்து நின்னாம்னா, மறுநாள்லேருந்து நீ வீட்ல தாலாட்டுதான் பாடணும், பாத்துக்கோ.”

கல்யாணப் பத்திரிகை

கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரி ஒருவருக்கு இரண்டு எண்ணையும் விளக்கிச் சொன்னேன்: இது கூப்பிடுகிற எண், இது போனின் அடையாள எண். தலையாட்டிக்கொண்டு போனவர், மகள் கல்யாணப் பத்திரிகையில் பதினைந்து இலக்கத்தை அச்சடித்துவிட்டார். நீளமாக இருப்பதுதான் கௌரவமாம். பத்திரிகை வைக்கக் கடைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். “ஐயோ, இது கூப்பிடுகிற எண் இல்லையே!” என்றேன். அவர் அசரவே இல்லை: “ஒருத்தனும் கூப்பிட முடியாதுல்லா? நல்லதாப் போச்சும்மா. கூப்பிட்டா, எடுக்கதுக்கும்லா கம்பெனிக்காரன் நம்மகிட்ட காசு கேக்கான்!”

ஆயுத பூஜைக்குப் பிறகு

சார்ஜ் நிற்கவில்லை என்று ஒரு அரிசி மில்காரர் எங்களிடம் வாங்கின போனை விட்டுப் போனார். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே சந்தனம், குங்குமம். உயிர் உள்ளேதானே இருக்கிறது என்று அவர் மனைவி அங்கே பொட்டு வைத்திருக்கிறார்! லேசாகத் துடைத்துச் சரிசெய்து வைத்தோம். மறுநாள் வந்தவர் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார். “எங்க வீட்டுக்காரி வைக்கது வட்டப் பொட்டு. இது இழுவிக் கிடக்கு. போன மாத்திட்டிய!”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எண்ணைக் காட்டலாமென்றால் சந்தன ஈரத்தில் ஸ்டிக்கரே கூழாகிக் கிடந்தது. எனக்குத் தாலாட்டு காதில் கேட்டது. அந்த எண்ணைத் திரையிலும் வரவழைக்கலாம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்து, போனை உயிர்ப்பித்து, ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினேன். திரையில் எண் வந்து நின்றது. நான் வாசிக்க வாசிக்க அண்ணாச்சி பில்லில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசி இலக்கம் வரை சரி. நான் மூச்சு விட்டேன்.

மில்காரர் தலையைச் சொறிந்தார். “நம்பரு சரிதான் தாயி. ஆனா வீட்ல போயி நம்பரையா காட்ட முடியும்? நீயே வட்டமா ஒரு பொட்டு வச்சிக் குடுத்துரு.”

உலகத்தில் வேறெந்தப் போனுக்கும் இல்லாத எண் என் வேலையைக் காப்பாற்றியது, அந்தப் போனை வீட்டுக்குள் சேர்த்ததென்னவோ நான் வைத்த பொட்டுதான்.