படகுக்கு முன் ஒரு மாத்திரை

எங்கள் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஓணத்துக்கு முந்தின நாள் வருகிற வயிற்றுப்போக்கு, துர்கா பூஜையோடு சேர்ந்து வருகிற முதுகுவலி, எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பல் கிளம்புகிற வாரத்தில் மட்டும் வருகிற மஞ்சள் காமாலை, எல்லாவற்றையும் பார்த்தவன் நான். மருத்துவச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் முதலில் தேதியைப் பார்ப்பேன். பிறகு காலண்டரைப் பார்ப்பேன். நோயின் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். பாம்பின் கால் பாம்பறியும் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பொய்க் காய்ச்சலில் ஊருக்குப் போனவன்தான்.

இந்தப் புத்தியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை.

என் மனைவிக்கு முதல் காய்ச்சல் வந்தது, என் சொந்த ஊரான திருநெல்வேலிக்கு எனக்கு மாறுதல் உத்தரவு வந்த வாரத்தில். அவள் தீவிலேயே பிறந்தவள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். மெயின்லேண்டுக்கு என்னோடு இரண்டு முறை வந்திருக்கிறாள். இரண்டு முறையும் எப்போது திரும்புவோம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். உத்தரவைக் காட்டியபோது போகலாம் என்றாள். முகம் வேறு சொன்னது. மூன்றாம் நாள் சாயங்காலம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். நான் தேதியைப் பார்த்தேன். காலண்டரையும் பார்த்தேன்.

நாலு நாளில் விட்டது. கப்பல் டிக்கெட்டுக்கு விண்ணப்பம் வாங்கி வந்த அன்று மறுபடி வந்தது.

எடுத்த எடுப்பில் பெண்டாட்டியைச் சந்தேகப்படக் கூடாது என்கிற மரியாதைக்காக, முதலில் ஊரைச் சந்தேகப்பட்டேன். பெரார்கஞ்சில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வயல். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் காய்ச்சல் வரும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தாற்போல் பாக்குத் தோட்டம், அதில் கொசு. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா கொடுத்தனுப்பும் மீன் குழம்பையும் நான் விடவில்லை. ஆனால் அதே தண்ணீரைக் குடித்து, அதே கொசுக்கடியில் படுத்து, அந்தக் குழம்பை அவளைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றிக்கொண்ட எனக்கு ஒன்றும் வரவில்லை. மிச்சம் இருந்தது அவள்தான்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். வைத்தியத்துக்கு இல்லை, துப்பறிய. பக்கத்திலேயே உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்தேன். நூற்றொன்றரை காட்டியது. அதற்கு முன்னால் சூடாக ஏதாவது குடித்திருப்பாளோ என்று கட்டிலடியில் இருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. நான் தொட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, டாக்டரிடமே காட்டிவிடுவோம் என்று கிளம்பினோம். பஸ்ஸில் பாம்பூ பிளாட், அங்கிருந்து படகில் சாத்தம், இறங்கி ஆட்டோ. வீட்டிலிருந்து கிளம்பும் முன் நானே ஒரு பாரசிட்டமால் கொடுத்து, முழுங்கும்வரை நின்றேன். இது எங்கள் வீட்டுச் சட்டம். கொரோனா சமயத்தில் ஊரில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று தகவல் வந்து கப்பலுக்கு ஓடினேன். ஜெட்டியில், அதாவது கப்பல் ஏறும் துறையில், நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி காய்ச்சல் என்றது. வெயிலில் வரிசையில் நின்ற சூடாகக்கூட இருந்திருக்கும். என்னை ஏற்றவில்லை. அடுத்த கப்பலுக்கு முன் அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து உடம்பு லேசாகக் கதகதத்தாலும் மாத்திரை போடாமல் எங்கள் வீட்டில் யாரும் படகில் கால் வைப்பதில்லை. இப்போது ஜெட்டியில் யாரும் எதையும் நீட்டுவதில்லை, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. தீவில் எங்களைப் போல இன்னும் பல வீடுகள் உண்டு.

கிளினிக்கில் பார்த்தபோது தொண்ணூற்றெட்டரை. வைரலாக இருக்கும், ஓய்வெடுக்கட்டும் என்றார் டாக்டர். மூன்றாவது காய்ச்சலுக்கும் அதே மாத்திரை, அதே படகு, அதே தொண்ணூற்றெட்டரை. இந்த முறை அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது மனக்கவலையா என்று கேட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பும் படகில் கேட்டுவிட்டேன்.

"ஊருக்கு வர இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிரு. இதுக்கு ஒரு காய்ச்சல் எதுக்கு?"

 பாம்பூ பிளாட் வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் காய்ச்சலே இல்லை. கண்டித்தது வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. அவள் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையணையைத் தினமும் வெயிலில் போட்டாள். இரண்டையும் கவனித்தேன், இரண்டுக்கும் காரணம் வைத்திருந்தேன். தீவை விட்டுப் போகிற ஏக்கத்தில் இளைக்கிறாள், சாமான் கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறாள். சந்தேகப்படுகிறவனுக்கு ஊரெல்லாம் கண் என்பார்கள். என் கண் என்னத்தைப் பார்த்ததோ.

நாலாவது காய்ச்சலில் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு அக்காதான் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஓடி வந்து பார்த்தபோது உடம்பு கொதித்தது. அப்போதுதான் முதல் முறையாக எனக்குப் பயம் வந்தது. இவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அந்தப் பயத்திலும் என் கை தானாக மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தது.

இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி. நடுவயது டாக்டரம்மா, ஹிந்தி மட்டும்தான். வருவதற்கு முன் ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார். எடுத்ததும் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். படகேற வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒன்று, எப்போதும் தவறாமல் கொடுத்துவிடுவேன் என்று என் உடைந்த ஹிந்தியில் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாத்திரை சூட்டை இறக்கும், சூட்டுக்குக் காரணமானதைத் தொடாது என்றார். தாங்க முடியாமல் இருந்தால் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் கொடுக்கும் முன் எவ்வளவு இருந்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். மூன்று வாரமாகியும் காரணம் தெரியாமல் வந்து வந்து போகிற காய்ச்சல், கூடவே எடை குறைகிறது, தூக்கத்தில் வியர்த்துத் தலையணை நனைகிறது என்றால், அது ஓய்வெடுத்துச் சரியாகிற காய்ச்சல் இல்லை. இதையெல்லாம் அவர் கோபப்படாமல்தான் சொன்னார். எனக்கு நாற்காலியில் உட்காரவே வெட்கமாக இருந்தது. காய்ச்சலை என் கையாலேயே மறைத்துவிட்டு, எங்கே உன் காய்ச்சல் என்று அவளைக் கேட்டிருக்கிறேன்.

நோயின் பெயர் பத்து நாள் கழித்து, ஸ்கேனும் ஊசி போட்டு எடுத்த சதைப் பரிசோதனையும் முடிந்த பிறகு தெரிந்தது. வயிற்றுக்குள் நெறிகட்டிகளில் காசநோய். மாதக்கணக்கில் மாத்திரை, தவறாமல். இப்போது நன்றாக இருக்கிறாள், ரவிக்கைத் தையலைப் பிரித்துவிட்டாள். மாறுதலைத் தள்ளிவைக்கக் கேட்டு நானே விண்ணப்பம் எழுதி, அசல் மருத்துவச் சான்றிதழ் ஒன்றை இணைத்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை.

அன்று அந்த அறையில் டாக்டரம்மா கடைசியாக ஒன்று கேட்டார். இதுவரை மொத்தம் எத்தனை தடவை காய்ச்சல் வந்தது? எனக்குத் தேதியோடு தெரியும். நான் முந்திக்கொண்டு "சார் பார்" என்றேன். நாலு தடவை. அவர் எழுதினார்.

என் மனைவி அவரைப் பார்த்து, மெதுவாக, "க்யாரா பார், மேடம்" என்றாள்.

பதினோரு தடவை. நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் தமிழில் சொன்னாள்:

"ஒங்களுக்குத் தெரிஞ்சது நாலுதாங்க. மத்ததெல்லாம் நீங்க ஆபீஸ் போனப்புறம் படுத்து, வர்றதுக்குள்ள எந்திரிச்சிட்டேன். காய்ச்சலத் தாங்கிக்கலாம். நீங்க டம்ளரத் தொட்டுப் பாத்தீங்களே, அதத் தாங்க முடியல."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் பதினொன்று என்று எழுதினார்.