ஐந்து வருடத்தை ஐந்து நாளாக்கியவன்

பொய் என்னுடையது. அதற்கு ஏச்சு வாங்கியவள் நர்கீஸ்.

ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருப்பவன் நான். கம்பெனி நிராகரித்த கிளெய்ம்களைத் திருத்தி மறுபடி அனுப்புவதே என் பிழைப்பு. "செத்த கிளெய்முக்கும் உயிர் கொடுப்பேன், டாக்டரால முடியுமா?" என்று பீற்றிக்கொள்வேன்.

நர்கீஸின் கணவர் ரஹீம் பாய், டேனரியில் தோலுக்குச் சாயம் ஸ்ப்ரே அடிப்பவர். மூச்சுத்திணறலோடு வந்தார். 'ஐந்து வருடமாக ஆஸ்துமா' என்று கேஸ் ஷீட் சொன்னது. பழைய வியாதி, பணம் கிடையாது என்றது கம்பெனி.

நான் என்ன செய்தேன்? வருடத்தை நாளாக்கினேன்! டியூட்டி டாக்டரிடம் பல்லைக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினேன்.

"யார் கேட்டாலும் அஞ்சு நாளுன்னு சொல்லும்மா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதான்!"

நர்கீஸ் சிரித்தாள். கிளெய்ம் பாஸ்!

போன வாரம் பாய்க்குப் படபடப்பு. புது டாக்டர் ஆஸ்துமா உண்டா என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார், அப்ப ஒரு அஞ்சு நாள் மூச்சு வாங்குச்சு, அவ்ளோதான்" என்றிருக்கிறாள். ஆஸ்துமாக்காரருக்கு ஆகாத மாத்திரை உள்ளே போயிற்று...

கவுண்டருக்கு ஓடி வந்தாள். "அண்ணா, அவருக்கு மூச்சே வரல! நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னேன்..."

ஐசியுவுக்கு ஓடினேன். என் தொப்பை எனக்கு முன்னால் ஓடியது. சிரியுங்கள்! சிரிக்க வைத்தே தப்பித்துப் பழகியவன் நான்.

"சார், அவருக்கு ரொம்ப வருஷமா ஆஸ்துமா. இந்தம்மா பயத்துல மாத்திச் சொல்லிடுச்சு."

பார்த்தீர்களா? உண்மையைச் சொல்லும்போதுகூட ஒரு பொய்யை ஒட்டியே சொன்னேன்.

"திருப்பித் திருப்பிக் கேட்டேனேம்மா! புருஷனக் கொல்லப் பாத்தியா?" டாக்டர் அவள்மேல் பாய்ந்தார்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். வாய் திறந்திருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும். ஏன் திறக்கவில்லை? நல்லவள் என்பதாலா? அடுத்த கிளெய்முக்கும் நான்தான் கதி என்பதாலா? கேட்க எனக்குத் துணிவில்லை...

பாய் இன்னும் கண் விழிக்கவில்லை. அவருக்காக மெஷின் மூச்சு விடுகிறது. இந்தக் கிளெய்மும் இன்று திரும்பி வந்துவிட்டது. முன்பு எழுதியதும் இப்போது எழுதியதும் ஒத்துப்போகவில்லையாம்!

நர்கீஸ் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறாள்.

"இந்தத் தடவ இன்னா சொல்லணும்ணா? சொல்லுங்க... அப்படியே சொல்றேன்."